ரேகன்ஸ்புர்க்கில் கப்பல் நின்ற அரை நாள்

ஐரோப்பாவில் நதிக் கப்பல் பயணம் போகிறவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ஊரிலும் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. காலையில் கரையில் கட்டுவார்கள், மதியமோ மாலையோ கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள், நடுவில் கிடைக்கிற சில மணி நேரத்தில்தான் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்து ஊர் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். முழுதாகப் பார்க்க முடியாது. முடியாது என்று ஒப்புக்கொண்டு இறங்கினால் பார்ப்பதையாவது நன்றாகப் பார்க்கலாம். ஜெர்மனியில் டான்யூப் நதிக்கரையில் இருக்கும் ரேகன்ஸ்புர்க்கில் அம்மா அப்பாவோடு சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். என்ன பார்த்தோம், எதை விட்டோம், வயதானவர்களைக் கூட்டிப்போனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிவைக்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் தமிழில் தேடிப் பார்த்தபோது உருப்படியாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் நியூரம்பெர்க்கில் கப்பல் ஏறினோம். அங்கிருந்து டான்யூபுக்கு வருவது மைன்–டான்யூப் கால்வாய் வழியாக. 171 கிலோமீட்டர் நீளம், 1992இல் திறந்தார்கள். கப்பலை மேட்டில் ஏற்றி மறுபக்கம் இறக்குவதற்கு வழியெங்கும் லாக் எனப்படும் மதகுத் தொட்டிகள் இருக்கின்றன, மொத்தம் 16. அப்பா பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருக்கு இந்த மதகுகளைப் பார்த்ததே பயணச் செலவுக்குச் சரியாகப் போய்விட்டது. ராத்திரி கப்பல் மதகுக்குள் நுழையும்போது சுவர் ஜன்னலை உரசுகிற தூரத்தில் வரும், அவர் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கேல்ஹைம் என்ற ஊரில் கால்வாய் டான்யூபில் சேர்கிறது. அதற்கப்புறம் கொஞ்ச தூரத்தில் ரேகன்ஸ்புர்க்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, டெக்கில் இருந்தால் தவறவிடாதீர்கள். கப்பல் பழைய ஆற்றுப் பாதையில் நேராக ஊருக்குள் போகாது. ஊரின் பழைய கல்பாலத்துக்கு அடியில் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது என்பதால், வடக்கே வெட்டியிருக்கும் கால்வாயில் திரும்பி, ஒரு மதகில் இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு, ஆறு ஓடுகிற திசையில் பாலத்தைத் தாண்டிய இடத்துக்கு வந்து கட்டுவார்கள். 12ஆம் நூற்றாண்டில் கட்டிய பாலம் இன்றைக்கும் கப்பல்களை வழிமாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னதும், "அப்ப மொதல்ல அந்தப் பாலத்துக்குப் போலாம் கண்ணு" என்றார். எங்கள் அரை நாளின் திட்டம் அங்கேயே முடிவாகிவிட்டது.

இறங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். சீசனில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கட்டிவிடுவார்கள். நம் கப்பல் வெளிப்பக்கம் இருந்தால் அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாகவோ மேல்தளத்துக்கு ஏறியோதான் கரைக்கு வர வேண்டும். மேல்தளம் என்றால் செங்குத்தான இரும்புப் படிகள். மூட்டுவலி இருப்பவர்கள் முந்தைய நாளே வரவேற்பில் கேட்டுவைப்பது நல்லது, சில நேரம் எந்த வழி, எப்போது நெரிசல் குறைவு என்று சொல்வார்கள். அப்புறம், நாம் ஊருக்குள் இருக்கும்போதே கப்பலை வேறு இடத்துக்கு நகர்த்திக் கட்டுவதும் உண்டு. அதனால் இறங்கும்போது கொடுக்கிற அட்டை, கப்பலின் தொலைபேசி எண், கப்பல் கட்டியிருக்கும் இடத்தின் தெருப்பெயர், கிளம்பும் நேரம் எல்லாவற்றையும் அம்மா கைப்பையில் ஒன்று, அப்பா சட்டைப்பையில் ஒன்று என்று தாளில் எழுதிவைத்தேன். போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது. பிரிந்துபோகிறவர் கையில் அந்தப் போன் இருக்காது.

கப்பல்காரர்கள் வழிகாட்டியோடு நடைச் சுற்றுலா ஒன்று ஏற்பாடு செய்திருப்பார்கள், காதில் மாட்டிக்கொள்ளக் கருவியும் தருவார்கள். பல கப்பல்களில் மெதுவாக நடப்பவர்களுக்கென்று தனிக் குழு உண்டு, ஆனால் நாமாகக் கேட்டால்தான் சேர்ப்பார்கள். வயதானவர்களுக்கு அதுதான் சரி. அந்தக் குழுவில் ஆட்கள் குறைவு, வழிகாட்டி நின்று பேசுவார், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும். நாங்கள் முதல் ஒரு மணி நேரம் அவர்களோடு போனோம், ஊரின் திசை புரிந்ததும் சொல்லிவிட்டுப் பிரிந்துவிட்டோம். சொல்லாமல் மட்டும் பிரிந்துவிடாதீர்கள், அவர் தலை எண்ணிக்கொண்டு தேடுவார்.

இப்போது பாலம். ஊரில் நேரம் செலவழிக்க ஒரே ஓர் இடம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். 1135இல் தொடங்கி 1146இல் முடித்திருக்கிறார்கள். 1135 கோடையில் கடும் வறட்சி, ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடந்ததால் ஆற்றுக்குள் இறங்கி அடித்தளம் போட முடிந்தது என்கிறார்கள். 16 வளைவுகள் வைத்துக் கட்டிய பாலம், 300 மீட்டருக்கு மேல் நீளம். பல நூறு வருடம் உல்ம் நகரத்துக்கும் வியன்னாவுக்கும் நடுவில் டான்யூபைத் தாண்டக் கல்லால் ஆன பாலம் இது ஒன்றுதான். 1147இல் இரண்டாம் சிலுவைப் போருக்குப் போன படைகளும், 1189இல் பேரரசர் பார்பரோசாவின் படையும் இந்த ஊரிலிருந்துதான் கிழக்கே புறப்பட்டன. வடக்கேயிருந்து தெற்கே போகிற சரக்கு எல்லாம் இங்கே வந்து ஆற்றைத் தாண்டியாக வேண்டும், தாண்டினால் சுங்கம் கட்ட வேண்டும். ஊரில் பார்க்கிற பணக்காரத்தனம் முழுவதற்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

பாலத்தின் நடுவில் நின்று கீழே பாருங்கள். ஒவ்வொரு தூணையும் சுற்றிக் கல்லும் மரமும் வைத்துப் படகு வடிவத்தில் ஒரு தீவு போலக் கட்டியிருக்கிறார்கள். தூணின் அடியில் மண்ணை ஆறு அரித்துக்கொண்டு போகாமல் காப்பதற்காக. அப்பா அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தைச் சாய்ப்பது மேலே போகிற பாரம் இல்லை, தூணுக்கடியில் நடக்கிற மண் அரிப்புதான் என்று சொன்னார், அவர் வேலை பார்த்த காலத்தில் வெள்ளத்தில் போன பாலங்கள் பலவற்றின் கதையும் அதுதானாம். ஆனால் இந்தத் தீவுகள் ஆற்றின் வழியை அடைத்துவிடுகின்றன. மிச்சமிருக்கிற சின்ன இடைவெளியில் தண்ணீர் பீறிட்டுப் போகிறது, பாலத்தைத் தாண்டியதும் சுழல் சுழலாகக் கிளம்புகிறது. பழைய காலத்தில் அந்த வேகத்தை வைத்துத் தானியம் அரைக்கும் ஆலைகளை ஓட்டினார்கள். எதிர்நீச்சலில் வரும் படகுகளுக்கு அதே வேகம் பெரிய தொல்லை. ஒரே தண்ணீர் ஊருக்கு லாபமும் படகுக்காரனுக்குக் கஷ்டமுமாக இருந்திருக்கிறது. இதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் பாலத்தருகே கரையிலிருந்து சின்னப் படகுகள் சுழல் வரைக்கும் போய் வருகின்றன.

பாலத்தின் மேல் ஒரு கல்மனிதன் சிலை உட்கார்ந்திருக்கிறது, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி. வழிகாட்டி சொன்ன கதை இது. பாலம் கட்டுகிறவனும் பேராலயம் கட்டுகிறவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் போட்டார்களாம். பாலம் கட்டியவன் சாத்தானிடம் உதவி கேட்டான், பாலத்தை முதலில் தாண்டுகிற மூன்று உயிர்கள் உனக்கு என்று வாக்கும் கொடுத்தான். கட்டி முடித்ததும் ஒரு சேவல், ஒரு கோழி, ஒரு நாயைத் துரத்திவிட்டு ஏமாற்றிவிட்டான். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைய பேராலயத்தைத் தொடங்கியதே பாலம் முடிந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான். அம்மா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "இருக்கட்டுமே, கதைதானே" என்றார், அதுவும் சரிதான்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் நெருங்கியபோது ஜெர்மானியப் படையே இந்தப் பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. அதையெல்லாம் பின்னால் சரிசெய்தார்கள். 1997இலிருந்து கார்கள் கிடையாது, 2008இலிருந்து பேருந்தும் கிடையாது, 2010 முதல் 2018 வரை முழுதாகப் பழுதுபார்த்து முடித்திருக்கிறார்கள். இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான். சைக்கிள்காரர்கள் வேகமாக வருகிறார்கள், போட்டோ எடுக்கப் பின்னாலேயே நகர்கிற பழக்கம் உள்ளவர்கள் கவனம்.

பாலத்தின் ஊர்ப்பக்க முனையில் உயரமான கூரையோடு நிற்பது உப்புக் கிடங்கு, 1616 முதல் 1620 வரை கட்டியது. ஆல்ப்ஸ் மலைப்பக்கமிருந்து வந்த உப்பைப் படகில் ஏற்றி, கரையில் குதிரைகள் கயிறு கட்டி இழுக்க, ஆற்றுக்கு எதிராக இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இப்போது உள்ளே உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான தகவல் மையம் வைத்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை. 2006இல் யுனெஸ்கோ இந்தப் பழைய ஊரையும் எதிர்க்கரையில் இருக்கும் ஷ்டாட்டம்ஹோஃப் பகுதியையும் சேர்த்து அந்தப் பட்டியலில் எடுத்தது. ஊருக்குள் நுழைவதற்கு முன் இங்கே ஒரு பத்து நிமிடம் நின்றால் தெருக்கள் ஏன் இப்படிப் போகின்றன என்று விளங்கும். தவிர, வெயிலோ மழையோ வயதானவர்கள் உட்கார இடமும் கிடைக்கிறது.

அதற்குப் பக்கத்திலேயே ஆற்றோரம், பழைய கோட்டைச் சுவரில் சாய்ந்தாற்போல ஒரு குட்டி வீடு. அதுதான் ஊரின் புகழ்பெற்ற தொத்திறைச்சிக் கடை, பல நூற்றாண்டாக அங்கே ஏதோ ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. விரல் நீளப் பன்றி இறைச்சித் துண்டங்களைக் கரி அடுப்பில் சுட்டு, புளித்த முட்டைக்கோஸும் இனிப்புக் கடுகுச் சாந்தும் வைத்துத் தருகிறார்கள். சாப்பிடுகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அப்புறம் எல்லாக் கப்பல்காரர்களும் அங்கேதான். சாப்பிடாதவர்களும் போய் அதன் சுவரைப் பார்க்கலாம். எந்த வருடம் வெள்ளம் எதுவரை வந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைக்குள் ஆறு பலமுறை புகுந்திருக்கிறது, 2013 ஜூன் வெள்ளத்திலும் புகுந்தது. ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார்கள்.

வெள்ளம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நதிக் கப்பலுக்குத் தண்ணீர் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. கூடினால் பாலங்களுக்கடியில் நுழைய முடியாது. குறைந்தால் ரேகன்ஸ்புர்க்குக்குக் கீழே ஷ்டிராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவில் கப்பல் தரைதட்டும், ஏனென்றால் அந்தப் பகுதியில் ஆற்றைத் தேக்கி ஆழப்படுத்தவில்லை. அப்போது பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடுத்த கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். முன்பதிவு செய்யும்போதே இது நடந்தால் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள். பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் மாறுவது சின்ன விஷயம் இல்லை.

ஆற்றங்கரையிலிருந்து ஒரு தெரு உள்ளே போனால் ரோமானியர் வாசல். கி.பி. 179இல், மார்க்கஸ் ஆரேலியஸ் பேரரசராக இருந்தபோது இங்கே ஒரு படை முகாம் கட்டினார்கள், அதன் வடக்கு வாசல் இது. ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது, ஏனென்றால் அன்றைக்கு ஆறுதான் சாம்ராஜ்யத்தின் எல்லை. நூற்றாண்டுக்கணக்கில் மற்ற கட்டடச் சுவருக்குள் புதைந்து கிடந்து, 19ஆம் நூற்றாண்டில் இடிக்கும் வேலை நடந்தபோது வெளியே வந்தது. பெரிய பெரிய கற்கள், அவற்றின் மேல் வெள்ளையடித்த பிற்காலச் சுவர். அம்மா போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்குள் வைக்காமல், தெருவில் நடக்கிறவன் தோள் படுகிற இடத்தில் ஒரு 1,800 வருடத்துச் சுவர் நிற்பது எனக்கு மிகவும் பிடித்தது.

பேராலயத்துக்கு அங்கிருந்து சில நிமிட நடைதான். 13ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தொடங்கி, கோபுரங்களை முடித்தது 19ஆம் நூற்றாண்டில். 105 மீட்டர் உயரம். உள்ளே போக கட்டணம் இல்லை. வெளியே வெயிலிலிருந்து உள்ளே போனதும் முதலில் எதுவும் தெரியாது, இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், அப்புறம்தான் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக நிறம் பிடிக்கும். பல கண்ணாடிகள் 13, 14ஆம் நூற்றாண்டுகளுடையவை. நடுவில் எதிரெதிர்த் தூண்களில் இரண்டு சிலைகள். ஒன்றில் மரியாள், இன்னொன்றில் நல்ல செய்தி கொண்டுவந்த காபிரியேல் தூதர், வாய் நிறையச் சிரிக்கிறார். 1280 வாக்கில் செதுக்கியது. கோவில் சிலையில் இப்படி ஒரு வெள்ளந்திச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அம்மா அந்தத் தூணுக்கெதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அவரை அவசரப்படுத்தவில்லை. ஊர் பார்க்கப் போன இடத்தில் ஒருவருக்குப் பிடித்த இடத்தில் அவரை உட்காரவிடுவதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பார்க்காமல் விட்ட நாலு இடத்தைவிட அந்த அரைமணி நேரத்தைத்தான் அவர் இன்றைக்கும் பேசுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கக் கிடைத்தால், காலைத் திருப்பலியில் இந்த ஆலயத்தின் சிறுவர் பாடகர் குழு பாடுவதைக் கேட்கலாம், பள்ளி விடுமுறைக் காலம் தவிர. அதன் தொடக்கத்தை 975இலிருந்து கணக்கிடுகிறார்கள். ஆனால் ஞாயிறு என்றால் ஊரில் கடைகள் மூடியிருக்கும், இது பவேரியா முழுக்கச் சட்டம். மருந்து, சாக்ஸ், குடை என்று எதாவது வாங்க வேண்டியிருந்தால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

நோய்ஃபார்பிளாட்ஸ் என்று ஒரு சதுக்கம். நடுவில் ஒரு தேவாலயம், சுற்றிலும் கடைகள், தள்ளுவண்டிகள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். பெரும்பாலான குழுக்கள் இங்கே ஐந்து நிமிடம் நின்று நகர்ந்துவிடுகின்றன. தயவுசெய்து இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்தச் சதுக்கம் இருக்கும் இடத்தில்தான் ஊரின் யூதர்கள் வாழ்ந்தார்கள், மத்திய கால ஐரோப்பாவின் முக்கியமான யூதக் குடியிருப்புகளில் ஒன்று. 1519 ஜனவரியில் பேரரசர் மாக்சிமிலியன் இறந்தார், அவர் பாதுகாப்பில் இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு போயிற்று. சில வாரங்களில் ஊர் நிர்வாகம் அவர்களை வெளியேற்றியது, வீடுகளை இடித்தது, தொழுகைக்கூடத்தை இடித்தது. கல்லறைகளைப் பெயர்த்துக் கற்களை எடுத்துப்போய் வீட்டுச் சுவர்களில் பெருமையாகப் பதித்துக்கொண்டார்கள், எபிரேய எழுத்துள்ள அந்தக் கற்களில் சிலவற்றை ஊருக்குள் இன்றும் சுவர்களில் பார்க்கலாம்.

அந்தத் தொழுகைக்கூடம் உள்ளே எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவது ஆல்பிரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் என்ற ஓவியரால். இடிப்பதற்கு முன் அதை இரண்டு செதுக்கோவியங்களாகப் பதிவு செய்தார். அவர் அந்த ஊர் மன்றத்தின் உறுப்பினரும்கூட, வெளியேற்றியவர்கள் பக்கம் இருந்தவர். 1990களில் சதுக்கத்தைத் தோண்டியபோது வீடுகளின் நிலவறைகள், தொழுகைக்கூடத்தின் அடித்தளம், 624 தங்கக் காசுகள் கொண்ட ஒரு புதையல் எல்லாம் கிடைத்தன. 2005இல் இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் தொழுகைக்கூடத்தின் தரைப்படத்தை அதே இடத்தில் வெள்ளைக் கான்கிரீட்டில் தாழ்வாக அமைத்தார். வேலி இல்லை. ஆட்கள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், குழந்தைகள் தூண்களின் அடியில் தாவுகிறார்கள். எனக்கு முதலில் அது உறுத்தியது. பிறகு வழிகாட்டி சொன்னார், மக்கள் வந்து சந்தித்துப் பேசுகிற இடமாக இருக்க வேண்டும் என்றுதான் சிற்பியும் நினைத்தார் என்று. அதைக் கேட்டபின் நாங்களும் அதன் ஓரத்தில் உட்கார்ந்தோம். அப்பா ஒன்றும் பேசவில்லை. 1938இல் ஊரின் இன்னொரு யூதத் தொழுகைக்கூடத்தை நாஜிகள் எரித்தார்கள், அந்த இடத்தில் புதியது 2019இல் திறந்திருக்கிறது, சதுக்கத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான்.

அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே டாகௌபிளாட்ஸ். 1945 ஏப்ரல் 23 அன்று ஊரைச் சண்டையில்லாமல் ஒப்படைத்துவிடுங்கள் என்று கேட்டு மக்கள் இங்கே கூடினார்கள். பேராலயத்தின் பிரசங்கியார் யோஹான் மயர் அவர்களுக்காகப் பேசினார். அன்றிரவே நாஜிகள் விசாரணை என்று ஒன்றை நடத்தி, விடிவதற்குள் அவரைத் தூக்கிலிட்டார்கள். சில நாட்களில் ஊர் சண்டையில்லாமலேயே ஒப்படைக்கப்பட்டது. நாம் ரசித்துப் போட்டோ எடுக்கிற பழைய வீடுகள் போரில் தப்பி நின்றதைப் பற்றிப் பேசும்போது இவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றதெல்லாம் வேகமாக. பழைய நகர மன்றக் கட்டடத்தில் 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் மன்றம் கூடியது, உள்ளே போக வழிகாட்டியோடு நேரம் குறித்த சீட்டு வாங்க வேண்டும், அரை நாளில் அதற்கு இடம் இல்லை என்று விட்டுவிட்டோம். பணக்கார வணிகர்கள் போட்டி போட்டுக் கட்டிய கோபுர வீடுகளை வாலன்ஷ்டிராஸ தெருவில் அண்ணாந்து பார்த்தோம், அங்கே தங்கக் கோபுரம் என்று பெயருள்ளதுதான் உயரம். தாவீது கோலியாத்தை எதிர்க்கும் பெரிய சுவரோவியம் உள்ள வீடு பாலத்திலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது, அதன் பின்பக்கம், நாஜிகளிடமிருந்து யூதர்கள் பலரைக் காப்பாற்றிய ஆஸ்கர் ஷிண்ட்லர் போருக்குப் பின் சில காலம் குடியிருந்தார். கோள்களின் பாதையைக் கணக்கிட்ட யோஹானஸ் கெப்லர் இறந்ததும் இந்த ஊரில்தான், 1630 நவம்பரில். தனக்கு வர வேண்டிய சம்பள பாக்கியைக் கேட்டு வந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவரைப் புதைத்த இடுகாடு முப்பதாண்டுப் போரில் அழிந்தது, கல்லறை இல்லை. அவர் இறந்த வீடு ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது.

சாப்பாடு. அம்மா சைவம். பவேரியாவில் சைவம் கிடைக்கும், ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உருளைக்கிழங்கு சாலட் என்றால் பயமில்லை என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இந்தப் பக்கம் அதை இறைச்சி சாற்றில் ஊறவைக்கிற வழக்கம் உண்டு, நாங்கள் போன உணவகத்தில் பரிமாறிய பெண்ணே கேட்டபோது சொல்லிவிட்டார். புளித்த முட்டைக்கோஸிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சூப்பும் அப்படியே. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, இறைச்சிச் சாறும் கொழுப்பும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள், முடிந்தால் ஜெர்மனில் எழுதிக் காட்டுங்கள். பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்ல என்கிற முட்டைமாவு நூடுல்ஸ், காளான் குழம்போடு ரொட்டி உருண்டை, உப்புத் தூவிய பிரெட்ஸல் இவை எங்கும் கிடைக்கும், முட்டை சாப்பிடாதவர்களுக்கு இதில் பிரெட்ஸல்தான் மிஞ்சும். அதனால் கப்பலில் காலை உணவை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, பழமும் தயிர் சாதமும் மாதிரி வயிற்றுக்கு ஒத்த ஏதாவதைக் கப்பல் சமையல்காரரிடம் முந்தைய நாளே சொல்லிவைப்பது அம்மாக்களுக்கு நல்லது. வெறும் சாதமும் தயிரும் கேட்டால் அவர்கள் மறுப்பதில்லை.

தண்ணீர் உணவகத்தில் காசு கொடுத்துத்தான். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், கப்பலிலேயே பாட்டிலில் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கடையில் பாட்டில் வாங்கினால் விலையோடு பெரும்பாலும் 25 சென்ட் முன்பணம் சேர்ப்பார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். பொதுக் கழிப்பறைகளுக்குச் சில்லறை வேண்டும், 50 சென்ட் நாணயங்கள் கொஞ்சம் எப்போதும் பையில் இருக்கட்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்களோடு போகிறபோது இது வேறெந்த விஷயத்தையும்விட முக்கியம். எங்கே உட்கார்ந்து காபி குடித்தாலும் கிளம்புவதற்கு முன் அங்கேயே போய்விட்டு வரும்படி பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். சின்னக் கடைகள் சிலவற்றில் அட்டை வாங்குவதில்லை, கொஞ்சம் யூரோ ரொக்கமும் வேண்டும்.

செருப்பு விஷயம். தெருவெல்லாம் கல்பாவியது, கல்லுக்குக் கல் உயரம் மாறும், மழை பெய்தால் வழுக்கும். அம்மா புடவைக்கு அடியில் தடித்த அடிப்பாகமுள்ள கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டார், முதலில் கூச்சப்பட்டார், பாலம் ஏறும்போது நல்லதாகப் போயிற்று என்றார். புடவை கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள், படிகளில் மிதிக்காமல் இருக்கும். மடக்கும் ஊன்றுகோல் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, தேவையில்லாதபோது பைக்குள் போய்விடும்.

கடைசி ஒரு மணி நேரத்தைக் கடைத்தெருவில் கழிக்காமல் பாலத்தைத் தாண்டி ஷ்டாட்டம்ஹோஃப் பக்கம் போங்கள். அந்தக் கரை பல நூற்றாண்டு வேறு ஆட்சி. இந்தப்பக்கம் 1245இலிருந்து சுதந்திர நகரம், அந்தப்பக்கம் பவேரியா, 1924இல்தான் ஒரே ஊர் ஆயின. அங்கே பாலத்தடியில் புனித கேத்தரின் மருத்துவமனை அறக்கட்டளைக்குச் சொந்தமான மதுபானத் தோட்டம் இருக்கிறது, மரநிழல், நீள பெஞ்சுகள், குடிக்காதவர்களுக்கு ஆப்பிள் சாறும் உண்டு. உட்கார்ந்தால் எதிரே பாலம், உப்புக் கிடங்கு, பேராலயக் கோபுரங்கள் எல்லாம் ஒரே பார்வையில். காலையில் சுற்றியதெல்லாம் ஒன்றுக்கொன்று எப்படிச் சேர்கிறது என்று அங்கேதான் அப்பா விரலால் காட்டி அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கப்பலுக்கு முதியவர்கள் நடையில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும் நேரத்துக்கு அரைமணி முன்பே கப்பலில் இருக்கிற மாதிரி.

கப்பல் கிளம்பியதும் அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். டெக்கில் இடப்பக்கம் இடம் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் டோனாஷ்டௌஃப் ஊரின் மேட்டில் வெள்ளைத் தூண்களோடு ஒரு கிரேக்கக் கோவில் தெரியும். அதுதான் வால்ஹல்லா, பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் கட்டி 1842இல் திறந்த நினைவு மண்டபம். உள்ளே ஜெர்மன் மொழி உலகத்தின் பெரியவர்களுக்கு மார்பளவுச் சிலைகள், கெப்லருக்கும் ஒன்று உண்டு. ஆற்றிலிருந்து மேலே போக 358 படிகள். அதனால் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அதைக் கப்பலிலிருந்து பார்ப்பதுதான் வசதி, ஆற்றின் வளைவில் அது நன்றாக நேரமெடுத்துத்தான் கடந்துபோகும்.